வங்கிப் பேரேட்டிலிருந்து வெண்திரைக்கு: மைக்கேல் பவலின் தொழில்மாற்றமும் திரைவாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியத் திரைப்பட இயக்குநர் மைக்கேல் பவல் (1905-1990) வங்கி எழுத்தராகத் தம் பணிவாழ்வைத் தொடங்கி, மூன்றாண்டுகளுக்குப் பின் அதனைத் துறந்து திரைத்துறைக்குச் சென்றவர். அவரது வரலாறு, பாதுகாப்பான பணியை விடுத்துக் கலையை நாடிய ஒருவரின் துணிவுக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் பணமும் கணக்கும் அவரைத் திரைத்துறையிலும் தொடர்ந்தன. கலைஞருக்கும் முதலீட்டாளருக்கும் இடையிலான உறவு தெளிவாக வரையறுக்கப்பட்ட காலத்தில் அவர் சிறந்த படைப்புகளைத் தந்தார். அவ்வுறவு குலைந்தபோது அவரது படைப்புவாழ்வும் தளர்ந்தது. இக்கருத்தை அவரது வாழ்க்கை நிகழ்வுகள், படங்கள் ஆகியவற்றின் வழி நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர், தொழில்மாற்றம், திரைப்பட முதலீடு, ஆர்ச்சர்ஸ் நிறுவனம், பிரித்தானியத் திரைப்படம்.

முன்னுரை

முதலீடு இன்றிப் பிறக்க இயலாத கலை திரைப்படம். கவிஞருக்குத் தாளும் எழுதுகோலும் போதும். திரைப்பட இயக்குநருக்கோ படப்பிடிப்புத் தளம், கருவிகள், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர், அவர்களுக்கான ஊதியம் எனப் பெருந்தொகை வேண்டும். அத்தொகையைத் தருபவர் ஒருவர், படைப்பவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையிலான இழுபறி திரைப்பட வரலாறு முழுவதும் காணப்படுவதாகும்.

இவ்விழுபறியை ஆராய்வதற்கு மைக்கேல் பவலின் வாழ்க்கை தக்க சான்றாக அமைகிறது. பணத்தை எண்ணும் தொழிலில் இருந்து பணத்தைச் செலவிடும் கலைக்கு வந்தவர் அவர். ஒரு பவுண்டு கூட வீணாகாத மலிவுப் படங்களையும் அவர் எடுத்தார். ஒரு பெருநிறுவனத்தையே கலங்கச் செய்த பெருஞ்செலவுப் படத்தையும் எடுத்தார். போற்றப்பட்டு, புறக்கணிக்கப்பட்டு, முதுமையில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டவர். அவரது வாழ்க்கை, வங்கிப் பணி, பயிற்சிக்காலம், கூட்டுப்படைப்புக் காலம், வீழ்ச்சி, மீட்பு என்னும் வரிசையில் இங்கு ஆராயப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

மைக்கேல் பவல் 1905ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், கேன்டர்பரி நகருக்கு அருகிலுள்ள பெக்ஸ்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் வில்லியம் பவல் ஹாப் பயிரிட்டவர். பீர் காய்ச்சுவதற்குப் பயன்படும் மணமுள்ள பூக்களைத் தரும் கொடிப்பயிர் ஹாப் ஆகும். கென்ட் மாவட்டத்தின் பண்பாட்டோடு பிரிக்க இயலாதவாறு இணைந்தது அவ்வேளாண்மை. கேன்டர்பரியின் கிங்ஸ் பள்ளியிலும் பின்னர் டல்விச் கல்லூரியிலும் பவல் பயின்றார். கேன்டர்பரி நகரின் தேவாலயமும் சுற்றியுள்ள வயல்வெளியும் பிற்காலத்தில் அவரது படமொன்றின் களமாயின.

முதல் உலகப்போருக்குப் பின் தந்தை பிரான்சில் வாழத் தொடங்கி, அந்நாட்டின் தென்கடற்கரையில் தங்கும் விடுதி ஒன்றை நடத்தினார். மகனின் தொழில்மாற்றத்துக்கு வாயிலாக அமைந்தது இவ்விடுதியே என்பதால் இச்செய்தி முதன்மை பெறுகிறது.

வங்கிப் பணியும் விலகலும்

1922ஆம் ஆண்டில் பவல் நேஷனல் புரொவின்சியல் வங்கியில் பணியில் சேர்ந்தார். பிற்காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியோடு இணைந்து நேஷனல் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியாக உருப்பெற்ற நிறுவனம் அது. போருக்குப் பிந்தைய பொருளாதார நெருக்கடியில் வேலையின்மை பெருகியிருந்த அந்நாளில், நடுத்தரக் குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு வங்கிப் பணி என்பது வாழ்நாள் முழுமைக்குமான உறுதியாகக் கருதப்பட்டது. எழுத்தராகச் சேர்பவர் படிப்படியாக உயர்ந்து கிளை மேலாளராகி, ஓய்வூதியத்துடன் விடைபெறுவார். அடுத்த நாற்பது ஆண்டுகள் எவ்வாறு அமையும் என்பதை முதல் நாளிலேயே கணித்துவிடக்கூடிய வாழ்க்கை அது.

பவலின் உள்ளம் அவ்வாழ்க்கையில் ஒன்றவில்லை. 1925ஆம் ஆண்டில் அவர் வங்கியை விட்டு விலகினார். அவ்வேளையில் இயக்குநர் ரெக்ஸ் இங்கிராம் பிரான்சின் நீஸ் நகரிலுள்ள விக்டோரின் படப்பிடிப்புத் தளத்தில் 'மாரே நோஸ்ட்ரம்' என்னும் மௌனப்படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். தந்தையின் விடுதி வழியாகக் கிடைத்த அறிமுகத்தால் அக்குழுவில் பவலுக்கு இடம் கிடைத்தது. தளத்தைக் கூட்டுவது முதலான எளிய வேலைகளில் இருந்து அவரது திரைவாழ்வு தொடங்கிற்று. கழுத்துப்பட்டை அணிந்து பேரேட்டின் முன் அமர்ந்தவர், தளத்தின் கடைநிலை உதவியாளரானார்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இத்தொழில்மாற்றத்தில் துணிவுக்கு இணையாகக் குடும்பப் பின்புலமும் வாய்ப்பும் பங்காற்றின. நீஸ் நகருக்கு அருகில் தந்தை வாழ்ந்திராவிட்டால் இங்கிராமின் குழுவை பவல் அணுகியிருப்பது அரிது. இரண்டாவது, இங்கிராம் அவருக்குத் தொழிலை மட்டும் கற்பிக்கவில்லை. 'தி ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகாலிப்ஸ்' (1921) படத்தால் பெரும்புகழ் ஈட்டிய இங்கிராம், ஹாலிவுட் நிறுவனத் தலைவர்களின் நேரடித் தலையீட்டில் இருந்து விலகியே ஐரோப்பாவில் பணியாற்றினார். பணம் தரும் அலுவலகத்துக்கும் படம் எடுக்கும் இடத்துக்கும் இடையே ஒரு கடல் இருந்தது. கலைஞர் தம் எல்லையைத் தாமே வகுத்துக்கொள்ளும் அம்முறை, இருபது அகவை இளைஞரின் கண்முன் நிகழ்ந்த முதல் பாடமாயிற்று.

மௌனப்படத்திலிருந்து பேசும்படத்துக்கு

1928ஆம் ஆண்டளவில் பவல் இங்கிலாந்து திரும்பினார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'ஷாம்பெயின்' (1928) படத்தில் நிழற்படக் கலைஞராகப் பணியாற்றினார். ஹிட்ச்காக்கின் முதல் பேசும்படமான 'பிளாக்மெயில்' (1929) படத்தின் கதையமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு. அப்படத்தின் இறுதித் துரத்தல் காட்சியைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அமைக்கலாம் என்னும் யோசனை தம்முடையது எனப் பவல் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியில் நினைவிலிருந்து எழுதப்பட்ட நூல் அது என்பதை மனத்தில் கொண்டே இக்கூற்றை ஏற்கவேண்டும்.

மலிவுப் படங்களும் கணக்கின் ஆட்சியும் (1931-1936)

ஹாலிவுட் படங்களின் பெருக்கத்தால் நலிந்த உள்நாட்டுத் திரைத்தொழிலைக் காக்கப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1927ஆம் ஆண்டில் திரைப்படச் சட்டம் ஒன்றை இயற்றியது. விநியோகம் செய்வோரும் திரையரங்கு நடத்துவோரும் குறிப்பிட்ட விழுக்காடு பிரித்தானியப் படங்களைக் கையாளவேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். அவ்விழுக்காடு ஆண்டுதோறும் உயர்ந்து 20 வரை செல்லுமாறு வகுக்கப்பட்டது. சட்டத்தின் நோக்கம் நன்றெனினும் விளைவு வேறாயிற்று. அமெரிக்க விநியோக நிறுவனங்கள் ஒதுக்கீட்டை நிறைவு செய்வதற்காக மட்டும் மிகக் குறைந்த செலவில் பிரித்தானியப் படங்களை எடுப்பித்தன. ஒதுக்கீட்டுக்காக விரைந்து எடுக்கப்பட்ட அப்படங்கள் ஏளனப் பெயரொன்றையும் பெற்றன.

அப்படங்களின் விலைக்கணக்கு எளியது. நிறைவுற்ற படச்சுருளின் ஓர் அடிக்கு ஒரு பவுண்டு என்பது அக்கால வழக்கு. பேசும்படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒரு மணி நேரப் படம் 5,400 அடி. ஆகவே அதற்குரிய தொகை 5,400 பவுண்டு. கதை எதுவாயினும், நடிகர் எவராயினும் கணக்கு மாறாது. கலையை அடிக்கோலால் அளக்கும் முறை என இதனைச் சுட்டலாம்.

1931ஆம் ஆண்டில் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஜெரோம் ஜாக்சனுடன் இணைந்து 'டூ கிரௌடட் அவர்ஸ்', 'ரைனாக்ஸ்' முதலிய படங்களைப் பவல் இயக்கினார். 1936ஆம் ஆண்டுக்குள் அவர் இயக்கியவை இருபதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் சில இன்று கிடைக்கவில்லை. வங்கியை விட்டு வெளியேறிய இளைஞர் ஆறாண்டுகளுக்குப் பின் முன்னினும் கடுமையான கணக்கின் கீழ் வந்து சேர்ந்தார் எனலாம். ஆனால் இக்காலம் வீணாகவில்லை. குறைந்த நாளில், குறைந்த பொருளில், திட்டமிட்டு ஒரு காட்சியை முடிக்கும் ஆற்றல் அவருக்கு இங்குதான் கைவந்தது. வங்கிப் பயிற்சிதான் அவருக்கு இவ்வொழுங்கைத் தந்தது என நிறுவ இயலாது. எனினும் செலவுக்கணக்கைக் கண்டு அஞ்சாத இயக்குநராக அவரை இவ்வைந்தாண்டுகள் ஆக்கின என்பதில் ஐயமில்லை.

ஃபூலா தீவு: முதல் சொந்தப் படம்

ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் கில்டா தீவில் எஞ்சியிருந்த 36 பேர் 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் தம் மண்ணை நிலையாக நீங்கினர். நூற்றாண்டுகளாக அங்கு நிலவிய வாழ்க்கை அன்றோடு முற்றுப்பெற்றது. இச்செய்தி பவலின் மனத்தில் தங்கிற்று. மலிவுப் படங்களை எடுத்துக்கொண்டே, அதனைப் படமாக்க முதலீடு செய்வாரைத் தேடிவந்தார். இறுதியில் தயாரிப்பாளர் ஜோ ராக் அவ்வாய்ப்பை அளித்தார்.

செயின்ட் கில்டாவில் படமெடுக்க இசைவு கிடைக்காததால், ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஃபூலா தீவில் 1936ஆம் ஆண்டில் படப்பிடிப்பு நடைபெற்றது. செங்குத்தான பாறைகளும் ஓயாத காற்றும் கொண்ட அச்சிறுதீவில் குழுவினர் மாதக்கணக்கில் தங்கினர். புயலால் கரை திரும்ப இயலாமல் சிக்கிக்கொண்டனர். 'தி எட்ஜ் ஆஃப் தி வேர்ல்ட்' (1937) என்னும் அப்படத்தின் உருவாக்கத்தைப் பவல் தனி நூலாகவும் எழுதினார். 200,000 அடி என்னும் படச்சுருள் அளவே அந்நூலின் தலைப்பில் இடம்பெற்றது. ஓர் அடிக்கு ஒரு பவுண்டு என்று அளந்தவர்களுக்காக உழைத்த இயக்குநர், தம் விருப்பப் படைப்பையும் அடிக்கணக்காலேயே பெயரிட்டது கருதத்தக்கது. அங்கு விலைக்கணக்காக இருந்த அடி, இங்கு உழைப்பின் கணக்காயிற்று. 1978ஆம் ஆண்டில், எஞ்சிய நடிகர்களுடன் அத்தீவுக்குத் திரும்பி ஓர் ஆவணப்படத்தையும் அவர் எடுத்தார்.

பிரஸ்பர்கருடன் கூட்டுறவு

ஃபூலா படத்தின் தரம் கண்ட தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா பவலைத் தம் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். மைசூர்ப் பகுதியில் யானைப்பாகர் குடும்பத்தில் பிறந்து உலகப்புகழ் பெற்ற சாபு நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) படத்தின் இயக்குநர்களுள் பவலும் ஒருவர். கோர்டாவின் நிறுவனத்தில்தான் அவர் எமெரிக் பிரஸ்பர்கரைச் சந்தித்தார்.

பிரஸ்பர்கர் 1902ஆம் ஆண்டில் ஹங்கேரியில் பிறந்த யூதர். பெர்லினின் ஊஃபா நிறுவனத்தில் திரைக்கதை எழுதியவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை நீங்கிப் பாரிஸ் சென்று, 1935ஆம் ஆண்டில் பிரித்தானியா வந்து சேர்ந்தார். தாமே விரும்பித் தொழில் துறந்த ஆங்கிலேயரும், அரசியலால் துரத்தப்பட்டு நாடு துறந்த ஹங்கேரியரும் 'தி ஸ்பை இன் பிளாக்' (1939) படத்தில் முதன்முறையாக இணைந்தனர். கனடாவில் எடுக்கப்பட்ட 'ஃபார்ட்டி நைன்த் பாரலல்' (1941) படத்தின் மூலக்கதைக்காகப் பிரஸ்பர்கர் ஆஸ்கர் விருது பெற்றார்.

இவர்களின் கூட்டுறவு அக்காலத் திரைத்துறையில் புதுமையானது. எழுதியவர், தயாரித்தவர், இயக்கியவர் எனத் தனித்தனியே பெயரிடாமல், மூன்று பொறுப்பையும் இருவர் பெயரிலும் இணைத்தே அவர்கள் அறிவித்தனர். நடைமுறையில் எழுத்துப்பணி பெரும்பாலும் பிரஸ்பர்கருடையது. படப்பிடிப்புத் தளம் பவலுடையது. ஆயினும் பெருமையும் பழியும் இருவருக்கும் பொதுவாயின. அவர்கள் தொடங்கிய 'ஆர்ச்சர்ஸ்' நிறுவனத்தின் சின்னம் அம்புகள் தைத்த இலக்குப்பலகை.

நடிகை வெண்டி ஹில்லருக்கு 1942ஆம் ஆண்டில் எழுதப்பட்ட மடல் ஒன்றில் இந்நிறுவனத்தின் கொள்கை ஐந்து கூறுகளாக வகுக்கப்பட்டது. அவற்றுள் முதலாவது இவ்வாய்வுக்கு அடிப்படையானது. தமக்குப் பணம் தருவோருக்கு அன்றி வேறெவருக்கும் தாம் கட்டுப்பட்டவர் அல்லர்; அவர்களுக்கும் இழப்பின்றி ஈட்டம் தருவது ஒன்றே தம் கடமை என்பது அதன் பொருள். அடுத்த கூறு, படத்தின் ஒவ்வோர் அடிக்கும் தாமே பொறுப்பு என்பதை உரைத்தது. பணத்தை இழிவென ஒதுக்கும் கலைஞர் கூற்றாக இது அமையவில்லை. முதலீட்டாளருக்கு உரியது எது, உரியதல்லாதது எது என எல்லை வகுக்கும் ஒப்பந்தமாகவே அமைந்தது. ஈட்டம் அவர்களுடையது, படைப்பு தம்முடையது.

இக்கொள்கை நடைமுறைக்கு வர உறுதுணையாக நின்றவர் ஜே. ஆர்தர் ராங்க். மாவு அரைக்கும் ஆலைத் தொழிலில் செல்வம் ஈட்டி, மெதடிசச் சமயப்பற்றால் திரைத்துறைக்கு வந்த அவரும் ஒருவகையில் தொழில் மாறியவரே. இன்டிபென்டன்ட் புரொட்யூசர்ஸ் என்னும் அமைப்பின் வழி, ஆர்ச்சர்ஸ் உள்ளிட்ட சில குழுக்களுக்குப் பணம் தந்து படைப்பில் தலையிடாதிருந்தார். பிரித்தானியத் திரைப்படத்தின் மிகச்சிறந்த ஆண்டுகளுள் சில இவ்வேற்பாட்டில் விளைந்தவை.

படங்களில் கணக்கும் வாழ்வும்

1943 முதல் 1948 வரையிலான ஆறு ஆண்டுகளில் ஆர்ச்சர்ஸ் நிறுவனம் வெளியிட்ட படங்கள் பவலின் புகழுக்கு அடித்தளமாயின. வயது முதிர்ந்த படைத்தலைவர் ஒருவரின் வாழ்க்கையைக் கூறும் 'தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் பிளிம்ப்' (1943) படத்தைத் தடுக்கப் பிரதமர் சர்ச்சில் முயன்றார். நல்ல ஜெர்மானியர் ஒருவரைப் போர்க்காலத்தில் பரிவோடு காட்டியது அப்படம். அரசின் எதிர்ப்பை மீறியும் படம் வெளிவந்தது. 'எ கேன்டர்பரி டேல்' (1944) பவல் பிறந்த மண்ணைக் களமாகக் கொண்டது.

'ஐ நோ வேர் ஐ'ம் கோயிங்' (1945) படத்தின் நாயகி ஜோன் ஒரு வங்கி மேலாளரின் மகள். பெருஞ்செல்வரான தொழிலதிபர் ஒருவரை மணப்பதற்காக ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவொன்றுக்குப் புறப்படுகிறாள். புயல் அவளைக் கரையிலேயே நிறுத்துகிறது. அங்கு அத்தீவின் உரிமையாளரான, கையில் பணமில்லாத இளைஞரைச் சந்திக்கிறாள். செல்வர் அத்தீவை வாடகைக்கு எடுத்தவர் மட்டுமே. படம் முழுவதும் செல்வரின் குரல் கேட்கிறதே அன்றி முகம் காட்டப்படுவதில்லை. பணம் இல்லாமை வேறு, வறுமை வேறு என்னும் கருத்து அத்தீவு மக்களின் வாழ்வால் புலப்படுத்தப்படுகிறது. வகுத்துவைத்த பாதையில் நிச்சயத்தோடு செல்லும் ஒருத்தி அப்பாதையை விட்டு விலகும் இக்கதை, வங்கியை விட்டு விலகிய இளைஞரின் வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்கது. எனினும் கதையை எழுதியவர் பிரஸ்பர்கர் ஆதலால் இதனைப் பவலின் தன்வரலாறாக மட்டும் கொள்வது பொருந்தாது.

'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' (1946) படத்தில் கணக்கே கதையாகிறது. போர்விமானி ஒருவர் குறிப்பிட்ட நாளில் இறந்திருக்கவேண்டும். அவரை அழைத்துச் செல்ல வந்த மறுவுலகத் தூதர் ஆங்கிலேயப் பனிமூட்டத்தில் அவரைத் தவறவிடுகிறார். மறுவுலகின் பதிவேட்டில் ஒரு தலை குறைகிறது. பிழையைச் சரிசெய்ய மறுவுலகம் முனைய, இடைப்பட்ட நேரத்தில் காதல் வயப்பட்ட விமானி மேல்முறையீடு செய்கிறார். வழக்கின் முடிவில் பதிவேடு மனித அன்புக்கு இணங்குகிறது. பதிவேடு பிழையின்றி ஆளும் மறுவுலகைக் கறுப்பு வெள்ளையிலும், பிழைகள் மலிந்த மண்ணுலகை வண்ணத்திலும் காட்டியது இப்படத்தின் சிறப்பாகும்.

ரூமர் காடனின் புதினத்தைத் தழுவிய 'பிளாக் நார்சிசஸ்' (1947) இமயமலையில் நிகழும் கதை. ஆயின் குழுவினர் இந்தியாவுக்கு வரவில்லை. இலண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் தளத்தில், கண்ணாடியில் தீட்டிய ஓவியங்களாலும் அரங்க அமைப்பாலும் மலைமுகடுகள் உருவாக்கப்பட்டன. ஒளிப்பதிவுக்காக ஜாக் கார்டிஃபும் கலை இயக்கத்துக்காக ஆல்ஃபிரட் யூங்கும் ஆஸ்கர் விருது பெற்றனர். இந்திய விடுதலை ஆண்டில், இந்திய மண்ணில் நிலைக்க இயலாமல் ஆங்கிலத் துறவியர் மலையிறங்கும் கதை வெளிவந்தது வரலாற்றுப் பொருத்தம் உடையது.

'தி ரெட் ஷூஸ்': ஒப்பந்தத்தின் முறிவு

ஆண்டர்சனின் கதையை உட்கொண்ட 'தி ரெட் ஷூஸ்' (1948), நடனத்துக்கும் காதலுக்கும் இடையே சிதையும் ஒரு பெண்ணின் கதை. கலைக்காக எதையும் துறக்கவேண்டும் எனக் கோரும் நடனக்குழுத் தலைவர் அதில் இடம்பெறுகிறார். கால் மணி நேரத்துக்கும் மேலாக நீளும் நாட்டியக் காட்சியைத் தொழில்முறை நடனக் கலைஞர் மொய்ரா ஷியரரைக் கொண்டு பவல் அமைத்தார். செலவு ஐந்து இலட்சம் பவுண்டைக் கடந்தது.

படத்தை முதலில் பார்த்த ராங்கும் அவரது நிறுவன நிருவாகி ஜான் டேவிசும் மனநிறைவு கொள்ளவில்லை. போதிய விளம்பரமின்றியே படம் பிரித்தானியாவில் வெளியிடப்பட்டது. டேவிஸ் கணக்காளராகப் பயிற்சி பெற்றவர். கலையை அறியாத கணக்கர் என அவரைச் சாடுவது திரைப்பட வரலாற்றில் வழக்கமாகிவிட்டது. எனினும் அவரது அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1947ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு அயல்நாட்டுப் படங்களுக்கு 75 விழுக்காடு வரி விதிக்க, ஹாலிவுட் தன் படங்களை அனுப்ப மறுத்தது. அவ்வெற்றிடத்தை நிரப்ப ராங்க் பெருமளவில் படத்தயாரிப்பில் இறங்கினார். 1948ஆம் ஆண்டில் வரி நீங்கி அமெரிக்கப் படங்கள் ஒருசேரக் குவிந்தபோது, அந்நிறுவனம் பெரும் இழப்புக்கு உள்ளானது. 1949ஆம் ஆண்டளவில் அதன் வங்கிக் கடன் 1 கோடியே 60 இலட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. வங்கியை விட்டு வந்தவரின் படைப்புச் சுதந்திரத்தை இறுதியில் முடிவு செய்தது மற்றொரு வங்கியின் பேரேடு.

ஆயின் படத்தின் கணக்கு வேறாக முடிந்தது. நியூயார்க்கின் சிறு திரையரங்கு ஒன்றில் தொடங்கி இரண்டாண்டுக்கும் மேலாக ஓடி, அமெரிக்காவில் பெரும் வருவாய் ஈட்டியது 'தி ரெட் ஷூஸ்'. கலை இயக்கத்துக்கும் இசைக்கும் ஆஸ்கர் விருது பெற்றது. இழப்பின்றி ஈட்டம் தருவது என்னும் ஆர்ச்சர்ஸ் கொள்கை நிறைவேறியது. ஆனால் அதற்குள் ராங்குடனான உறவு முறிந்திருந்தது.

வீழ்ச்சி

ராங்கை விட்டு நீங்கிய இருவரும் கோர்டாவிடம் திரும்பினர். 'தி டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்' (1951) தவிர, அடுத்துவந்த படங்கள் முன்னைய உயரத்தை எட்டவில்லை. படங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. 1957ஆம் ஆண்டில் பவலும் பிரஸ்பர்கரும் பகையின்றிப் பிரிந்தனர்.

1960ஆம் ஆண்டில் லியோ மார்க்ஸின் திரைக்கதையில் 'பீப்பிங் டாம்' படத்தைப் பவல் இயக்கினார். ஒளிப்படக்கருவியால் பெண்களின் அச்சத்தைப் பதிவு செய்துகொண்டே அவர்களைக் கொல்லும் இளைஞனின் கதை அது. அவ்விளைஞனைச் சிறுவயதில் ஆய்வுப்பொருளாக்கிப் படம்பிடித்த தந்தையின் வேடத்தில் பவலே தோன்றினார். சிறுவனாகத் தம் மகனையே நடிக்கச் செய்தார். விமரிசகர்கள் கடுஞ்சினத்தோடு தாக்கினர். படம் விரைவில் திரையரங்குகளை விட்டு அகற்றப்பட்டது.

இந்த ஒரு படமே பவலை அழித்தது எனக் கூறுவது மரபு. அது முழு உண்மை அன்று. பத்தாண்டுகளாகவே அவருக்கு நிலையான முதலீட்டாளர் இல்லை. படைப்புரிமையைக் காத்த ஒப்பந்தமும் இல்லை. தோள்கொடுத்த கூட்டாளியும் உடனில்லை. அந்நிலையில் விழுந்த அடி மீள இயலாததாயிற்று. பின்னர் ஆஸ்திரேலியாவில் இரு படங்களையும், 1972ஆம் ஆண்டில் பிரஸ்பர்கருடன் சிறுவர் படம் ஒன்றையும் அவர் எடுத்தார். வருவாய் சுருங்கி, பெயர் மறக்கப்பட்டு அவர் வாழ்ந்த ஆண்டுகள் பல.

மீட்பு

அவரை மீட்டவர்கள் அடுத்த தலைமுறையினர். நியூயார்க்கின் தொலைக்காட்சியில் ஆர்ச்சர்ஸ் படங்களைக் கண்டு வளர்ந்த மார்ட்டின் ஸ்கோர்செசி, 1970களின் இடைப்பகுதியில் பவலைத் தேடிச் சந்தித்தார். 1979ஆம் ஆண்டில் நியூயார்க் திரைப்பட விழாவில் 'பீப்பிங் டாம்' மீண்டும் திரையிடப்பட அவர் துணைநின்றார். பிரித்தானியத் திரைப்படக் கழகம் படங்களைத் தொகுத்துத் திரையிட்டது. 1981ஆம் ஆண்டில் பவலும் பிரஸ்பர்கரும் இணைந்தே பாஃப்டா அமைப்பின் உயரிய தகைமையைப் பெற்றனர். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் நிறுவனத்தில் பவல் மூத்த இயக்குநராக அமர்த்தப்பட்டார். 1984ஆம் ஆண்டில் ஸ்கோர்செசியின் படத்தொகுப்பாளர் தெல்மா ஸ்கூன்மேக்கரை மணந்தார். 1986ஆம் ஆண்டில் தன்வரலாற்றின் முதல் பகுதியை வெளியிட்டார். 1988இல் பிரஸ்பர்கர் மறைந்தார். 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் குளோஸ்டர்ஷயரின் ஏவனிங் சிற்றூரில் பவல் தம் 84ஆம் அகவையில் இயற்கை எய்தினார். தன்வரலாற்றின் இரண்டாம் பகுதி அவரது மறைவுக்குப் பின் 1992இல் வெளிவந்தது.

முடிவுரை

மைக்கேல் பவல் வங்கியை விட்டு விலகியது 1925ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு செயல். ஆனால் பணத்தோடு அவர் கொண்ட உறவு அன்றோடு முடியவில்லை. மலிவுப் படக்காலத்தில் கணக்கு அவரை ஆண்டது. ஆர்ச்சர்ஸ் காலத்தில் கணக்கோடு அவர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்பின் உடன்படிக்கை செய்வார் இன்றித் தனித்தார். அவரது சிறந்த படங்கள் அனைத்தும் நடுவில் அமைந்த குறுகிய காலத்திலேயே தோன்றின என்பது தற்செயலானதன்று.

ஆகவே தொழில்மாற்றம் என்பதைப் பணத்தை நீங்கிக் கலையை அடைதல் எனக் கொள்வது, பவலின் வாழ்வைப் பொறுத்தவரை பொருந்தாது. கலைஞர் பணத்தை விட்டு நீங்க இயலாத துறை திரைத்துறை. அங்கு அவர் செய்யக்கூடியது, முதலீட்டாளருக்கு உரிய பங்கை ஒளிவின்றி ஒப்புக்கொண்டு, படைப்புக்கு உரிய பங்கை விட்டுக்கொடாமல் காப்பதே. அக்காவல் தனியொருவரால் நெடுங்காலம் இயல்வதன்று என்பதையும் பிரஸ்பர்கர், ராங்க், ஸ்கோர்செசி ஆகியோரின் இடம் உணர்த்துகிறது.

வெளியான ஆண்டில் இழப்பு என எழுதப்பட்ட படம் பின்னர்ப் பெருவருவாய் ஈட்டியதும், அருவருப்பென ஒதுக்கப்பட்ட படம் இருபதாண்டுக்குள் போற்றப்பட்டதும் இவ்வரலாற்றில் கண்டவை. ஒரு கலைப்படைப்பின் வரவையும் செலவையும் அது வெளியான ஆண்டின் பேரேட்டைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் கூடாது என்பது இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிபாகும்.